பாட்டுப் போட்டியும் டிரங்க் காலும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியை டிவி முன்னால் உட்கார வைக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பாட்டுக்காரர்கள் தொடங்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிகளும் தொடங்கவில்லை. மலையுச்சிகளில் ஆன்டெனா நட்டுக்கொண்டிருந்த எஞ்சினியர்களின் வேலையிலிருந்து பிறந்தது அது. ஒரு நாட்டின் படத்தை இன்னொரு நாட்டின் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வழியில் எதை அனுப்புவது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் பாட்டு. ரோடு போட்டாகிவிட்டது, ஓட்டுவதற்குத்தான் பஸ் இல்லை என்ற நிலை.

1950 பிப்ரவரி 12ஆம் தேதி, இங்கிலாந்தின் டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் உருவானது. போர் முடிந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. தலைமையகம் ஜெனீவாவில், தொழில்நுட்ப மையம் பிரஸ்ஸல்ஸில். அப்போது பல உறுப்பு நாடுகளில் டிவி என்பதே கிடையாது. இருந்த நாடுகளும் ஆளுக்கொரு கணக்கில் படம் காட்டின. பிரிட்டன் திரையை 405 கோடுகளாகப் பிரித்தது. பிரான்ஸ் 819 கோடு என்று பிடிவாதமாக நின்றது. ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாம் 625. ஒருவர் படம் அடுத்தவர் பெட்டியில் தெரியாது. இதற்கு எஞ்சினியர்கள் கண்ட உபாயம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு கணக்கில் வரும் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதன் எதிரே வேறு கணக்கில் இயங்கும் கேமராவை நிறுத்திப் படம் பிடித்து அனுப்பினார்கள். டிவியைப் படம் பிடிக்கும் டிவி. படம் கொஞ்சம் மங்கும், ஆனால் எல்லை தாண்டிவிடும்.

1953 ஜூன் 2ஆம் தேதி எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா இந்த முறையில்தான் பிரான்ஸுக்கும் நெதர்லாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் போனது. அடுத்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி எட்டு நாடுகளை இணைத்து நேரலை. சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் நடந்த பூத் திருவிழாவையும், தொடர்ந்து வாடிகனிலிருந்து போப்பாண்டவர் 12ஆம் பயஸையும் காட்டினார்கள். ஆல்ப்ஸ் குறுக்கே நிற்கிறதே என்று 3,000 மீட்டருக்கு மேலே யுங்ஃப்ராவ் மலைத்தொடரில் ஒரு ரிலே நிலையம் வைத்து மைக்ரோவேவ் அலைகளைத் தாண்டவிட்டார்கள். ஒளிபரப்பின் முகப்பு இசைக்கு 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இசையமைப்பாளர் மார்க்-அன்துவான் ஷார்பான்தியேயின் தேவாலய இசையை எடுத்துக்கொண்டார்கள். வலைப்பின்னலுக்கு 'யூரோவிஷன்' என்ற பெயரை லண்டன் பத்திரிகையாளர் ஜார்ஜ் கேம்பி 1951இலேயே சூட்டியிருந்தார். பாட்டுப் போட்டி பிற்பாடு வந்து அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது.

அதே கோடையில் சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பைக் கால்பந்து. பெர்ன் மைதானத்தில் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியைச் சாய்த்ததை மற்ற நாட்டுக்காரர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். ஆனால் உலகக் கோப்பை நான்கு ஆண்டுக்கு ஒரு தரம். முடிசூட்டு விழா எப்போது வரும் என்று ராணிக்கே தெரியாது. மற்ற நாளெல்லாம் என்ன காட்டுவது? பிரெஞ்சு நாடகத்தை டென்மார்க்கில் யார் பார்ப்பார்கள்?

இந்தக் கவலை வாய்த்தவர் மார்செல் பெசான்சோன். சுவிட்சர்லாந்துக்காரர். பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதி, பிறகு லோசான் வானொலியின் இயக்குநராகி, 1950 முதல் நாட்டின் ஒலிபரப்பு நிறுவனத்துக்கே தலைவராக இருந்தவர். நாடுகள் தங்களுக்குள் நிகழ்ச்சிகளைக் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒரு சந்தை வேண்டும் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றியத்தின் நிகழ்ச்சிக் குழுவும் அவர் கையில் வந்தது. 1955 ஜனவரியில் குழு மொனாக்கோவில் கூடியபோது, ஐரோப்பா முழுமைக்கும் ஒரு பாட்டுப் போட்டி வைத்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. யோசனையைக் கொண்டுவந்தவர் இத்தாலிய ஒலிபரப்பு நிறுவனமான ராயின் செர்ஜியோ புல்யேஸே. அவர்களிடம் முன்மாதிரி தயாராக இருந்தது. கடற்கரை ஊரான சான்ரேமோவின் சூதாட்ட விடுதியில் 1951 முதல் பாட்டுத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. முதல் ஆண்டில் 20 பாட்டு. பாட வந்தவர்களோ நில்லா பிட்ஸி, அகீல்லே தோல்யானி, ஃபஸானோ சகோதரிகள், அவ்வளவுதான். அந்த இருபதையும் இவர்களே மாறி மாறிப் பாடினார்கள். போட்டி பாடகர்களுக்கு இல்லை, புதுப் பாட்டுகளுக்கு. யார் பாடினால் என்ன, மெட்டும் வரியும் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. யூரோவிஷன் சான்ரேமோவிடமிருந்து இந்த அஸ்திவாரத்தையே எடுத்துக்கொண்டது. ரோமில் கூடிய ஒன்றியத்தின் பொதுக்குழு 1955 அக்டோபர் 19ஆம் தேதி ஒப்புதல் தந்தது.

1956 மே 24, லுகானோ. இத்தாலிய மொழி பேசும் தெற்கு சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை நகரம். குர்சால் என்ற நாடக அரங்கம். வந்தவை ஏழு நாடுகள்: நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், லக்ஸம்பர்க், இத்தாலி. நாட்டுக்கு இரண்டு பாட்டு, மொத்தம் 14. தனியாகத்தான் பாட வேண்டும், ஜோடியோ குழுவோ கூடாது. ஒரு பாட்டு மூன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பின்னால் 24 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. தொகுத்து வழங்கியவர் லோஹென்க்ரின் ஃபிலிப்பெல்லோ, பேசியது இத்தாலியனில். டிவி போட்டி என்று பெயரே தவிர, அன்று அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வானொலி நேயர்கள்தான்.

அந்த மேடைக்கு வந்த ஆட்களைப் பார்த்தால்தான் அது எந்தக் காலம் என்பது உறைக்கும். முதல் பாட்டு நெதர்லாந்தின் யெட்டி பேர்ல் பாடியது. நாட்டை ஜெர்மன் ராணுவம் பிடித்து வைத்திருந்த நாளில், லண்டனுக்குத் தப்பிப்போன டச்சு அரசாங்கத்தின் 'ரேடியோ ஆரஞ்சே'யில் நாஜிகளைக் கேலி செய்து பாடிய குரல் அவருடையது. தாய்நாட்டில் ஒளித்து வைத்த வானொலிப் பெட்டியை ரகசியமாகத் திருப்பி அதைக் கேட்டவர்கள் உண்டு. பதினோரு ஆண்டு கழித்து அதே குரல் லுகானோவில் ஹாலந்துப் பறவைகளைப் பற்றிப் பாடியது. ஜெர்மனி அனுப்பிய இருவரில் ஒருவர் வால்டர் ஆண்ட்ரியாஸ் ஷ்வார்ட்ஸ். நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். அவர் பாடியது, பெரிய அதிர்ஷ்டம் வரும் என்று காத்திருப்போர் அறையில் உட்கார்ந்தே காலத்தைக் கழிப்பவர்களைப் பற்றி. ஐரோப்பாவை ஒன்றுசேர்க்கத்தான் இந்தப் போட்டி பிறந்தது என்று பின்னால் பலர் எழுதினார்கள். பெசான்சோனுக்கு இருந்தது நிகழ்ச்சி பற்றிய கவலை என்றுதான் நான் நினைக்கிறேன். இப்படிப்பட்ட இருவர் ஒரே மேடைக்கு வந்து நின்றது திட்டமிட்டு நடந்ததில்லை. அதனாலேயே மேடைப் பேச்சுகளைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெல்ஜியத்தின் ஃபுட் லெக்லெர் பாடிய பாட்டு சேன் ஆற்றில் மூழ்கி இறந்துபோனவர்களைப் பற்றியது. கண்டம் தழுவிய கேளிக்கை நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த விஷயத்தைப் பாருங்கள்! மனிதர் அதற்குப் பிறகும் மூன்று முறை பெல்ஜியத்துக்காகப் பாடினார். கடைசியாகப் பாடிய 1962இல் ஒரு மதிப்பெண்கூட விழவில்லை. அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல் பூஜ்யங்களில் ஒன்று அவருடையது.

பாடி முடிந்தது. யாருக்குப் பரிசு? நாட்டுக்கு இரண்டு நடுவர்கள் ஒரு கதவுக்குள் போனார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். சொந்த நாட்டுப் பாட்டுக்கும் போடலாம்! லக்ஸம்பர்க் நடுவர்களை அனுப்பவில்லை, அவர்களுக்காக சுவிட்சர்லாந்துக்காரர்களே போட்டார்கள். உள்ளே கணக்கு நடக்க, வெளியே ஒரு குழு விசிலடித்தே இசை நிகழ்த்திக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. நடுவர் குழுத் தலைவர், இசையமைப்பாளர் ரோல்ஃப் லீபர்மான், சுவிட்சர்லாந்தின் லீஸ் ஆசியாவை வெற்றியாளராக அறிவித்தார். இரண்டாமிடம் யாருக்கு, எத்தனை மதிப்பெண், யார் யாருக்குப் போட்டார்கள் எதுவும் வெளியே வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

விழா நடத்தியது சுவிட்சர்லாந்து, இரண்டு நாட்டுக்கு ஓட்டுப் போட்டது சுவிட்சர்லாந்து, ஜெயித்ததும் சுவிட்சர்லாந்து. நம் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் இப்படி நடந்திருந்தால் பெற்றோர் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். லீஸ் ஆசியா தேர்ந்த பாடகி, 'ஓ மைன் பப்பா' என்ற பாட்டால் ஏற்கெனவே ஜெர்மன் பேசும் நாடுகளில் வீட்டுக்கு வீடு தெரிந்தவர், அவர் ஜெயித்ததில் அதிசயம் ஏதும் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது சப்பென்று போயிருக்கும். மணிக்கணக்கில் பாட்டைக் கேட்டு, தமக்குள்ளே ஒரு கணக்குப் போட்டு வைத்துக் காத்திருந்தால், கடைசியில் வெறுமனே ஒரு பெயர்.

இந்தக் குறையைத் தீர்த்தது அடுத்த ஆண்டு. என்னைக் கேட்டால், போட்டி உண்மையில் பிறந்த நாள் 1957 மார்ச் 3. இடம் ஃபிராங்க்ஃபர்ட் வானொலி நிலையத்தின் பெரிய ஒலிப்பதிவு அரங்கம். பிரிட்டன், ஆஸ்திரியா, டென்மார்க் சேர்ந்து நாடுகள் பத்தாகியிருந்தன, பாட்டு நாட்டுக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. பிபிசி 1956இல் உள்நாட்டில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தியபோது, பல ஊர்களில் இருந்த நடுவர்களைத் தொலைபேசியில் அழைத்து முடிவு கேட்டிருந்தது. ஜெர்மானியர்கள் அதே முறையை நாடுகளுக்கு விரித்தார்கள். நாட்டுக்குப் பத்து நடுவர்கள், அவரவர் ஊரிலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆளுக்கு ஒரே ஓட்டு, சொந்த நாட்டுக்குப் போடக் கூடாது. மேடையில் ஒரு பெரிய மதிப்பெண் பலகை. தொகுப்பாளர் அனாயித் இப்ளிசியான் ரிசீவரை எடுத்து ஒவ்வொரு தலைநகரமாக அழைப்பார். கரகரவென்று ஒரு குரல் வரும். எண்களைச் சொல்லும். பலகையில் எண் மாறும்.

டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்து பழகிய தலைமுறைக்கு இதன் சுவாரசியத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, குரல் கேட்குமா, என்ன சொல்லப்போகிறார் என்று மூன்று படபடப்பு ஒரே அழைப்பில். பாட்டு பிடிக்காதவர்களும் கணக்கைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். அன்று பலகையில் நெதர்லாந்தின் கோரி புரோக்கன் 31 என்று மேலே போய்க்கொண்டே இருந்தார். அடுத்து வந்த பிரான்ஸுக்கு 17. இதே புரோக்கன் மறு ஆண்டு போய்க் கடைசி இடத்தில் விழுந்தார். பிற்காலத்தில் சட்டம் படித்து நீதிபதியானார் என்பது உபரித் தகவல்.

ஃபிராங்க்ஃபர்ட்டின் வேறு இரண்டு சங்கதிகளும் சொல்ல வேண்டியவை. இத்தாலியின் நுன்ஸியோ கால்லோ ஒரு கிடார் பாட்டு பாடினார். நிமிடம் மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று, அவர் நிறுத்தவில்லை. ஐந்து நிமிடம் ஒன்பது விநாடிக்குத்தான் முடித்தார். பிரிட்டனின் பட்ரீஷியா பிரெடின் பாட்டோ இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. நேரலையில் ஒருவர் இப்படி இழுத்தால் பின்னால் வரும் எல்லா நாட்டு ஒளிபரப்பு நேரமும் குலையும். அதற்குப் பிறகுதான் மூன்று நிமிடம் என்ற வரம்பைக் கறாராக்கினார்கள். இன்றைக்கும் யூரோவிஷன் பாட்டு மூன்று நிமிடம்தான். இன்னொன்று டென்மார்க்கின் ஜோடி, பிர்த்த வில்கே, குஸ்தாவ் விங்க்ளர். கப்பலேறும் மாலுமி காதலியிடம் விடைபெறும் பாட்டு. முடிவில் ஒரு முத்தம். அது ஏறக்குறைய 11 விநாடி நீடித்தது. போதும் என்று சைகை காட்ட வேண்டிய ஆள் மறந்துவிட்டார் என்கிறார்கள். 1957ஆம் ஆண்டு வீட்டு ஹாலில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு 11 விநாடி மிக நீளம்.

1958, ஹில்வெர்சும். ஜெயித்த நாடு அடுத்த ஆண்டு விழா நடத்துவது என்ற வழக்கம் இங்கேதான் தொடங்கியது. இத்தாலியின் டொமெனிகோ மொதுன்யோ, முகத்தையும் கையையும் நீலமாகப் பூசிக்கொண்டு வானில் பறப்பதாகக் கனவு கண்ட ஒருவனின் பாட்டோடு முதல் ஆளாக மேடையேறினார். பாடி முடித்தபின் தெரிந்தது, சில நாடுகளுக்குப் படமே போய்ச் சேரவில்லை. எல்லோரும் பாடி முடித்த பிறகு அவரை மறுபடி கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். அந்தப் பாட்டை இரண்டு தரம் கேட்டும் நடுவர்கள் மூன்றாமிடம்தான் தந்தார்கள். முதல் பரிசு பிரான்ஸின் ஆந்த்ரே க்ளாவோ பாடிய ஒரு தாலாட்டுக்கு. அதை இன்று யார் முணுமுணுக்கிறார்கள்? மொதுன்யோவின் பாட்டு 'வொலாரே' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போய், பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. முதல் கிராமி விருது விழா 1959 மே மாதத்தில் நடந்தபோது ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, சிறந்த பாட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டது. போட்டி தொடங்கி மூன்றே ஆண்டில் நடுவர்களின் காது எப்படிப்பட்டது என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அதனால் போட்டிக்குக் குறை வரவில்லை. நடுவர்களைத் திட்டுவதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகிவிட்டது.

1959இல் நெதர்லாந்து மறுபடி ஜெயித்தது. திரும்பவும் செலவு செய்ய முடியாது என்று டச்சுக்காரர்கள் கையை விரிக்க, 1960இல் விழா லண்டனுக்குப் போனது. 1959இல் மொனாக்கோவுக்காகப் பாடி ஒரே ஒரு மதிப்பெண்ணோடு கடைசியில் வந்தவர் ஜாக் பில்ஸ். 1960இல் பிரான்ஸுக்காகப் பாடி முதலில் வந்தவர் ஜாக்லின் புவாயே, அவருடைய மகள்.

தொலைபேசிதான் போட்டிக்கு உயிர் கொடுத்தது. அதன் குடுமி அந்தத் தொலைபேசியின் கையில்தான் இருந்தது என்பது 1963இல் தெரிந்தது. லண்டன், பிபிசி தொலைக்காட்சி மையம். கேட்டி பாய்ல் ஒவ்வொரு தலைநகரமாக அழைத்துக்கொண்டு வந்தார். நார்வே முறை வந்தது. பேசியவர் விதிப்படியான வரிசையில் சொல்லாமல் எண்களை மட்டும் படித்தார். முறையாகச் சொல்லுங்கள் என்று கேட்டதும், எங்கள் கணக்கு இன்னும் சரிபார்த்து முடியவில்லை, கடைசியில் கூப்பிடுங்கள் என்றார். மற்ற நாடுகள் முடிந்தபோது சுவிட்சர்லாந்துக்குப் பாடிய எஸ்தர் ஒஃபாரிமும் டென்மார்க்கின் இங்மன் தம்பதியும் முட்டிக்கொண்டு நின்றார்கள். நார்வேயை மறுபடி அழைத்தார்கள். முதலில் சுவிட்சர்லாந்துக்கு 3, டென்மார்க்குக்கு 2 என்று சொன்ன அதே நார்வே இப்போது 1 என்றும் 4 என்றும் சொன்னது. டென்மார்க் 42, சுவிட்சர்லாந்து 40. முதலில் சொன்ன எண்களே நின்றிருந்தால் அப்படியே தலைகீழ். அக்கம்பக்கத்து நாட்டுக்குக் கைகொடுத்தார்கள் என்ற பேச்சு அன்று கிளம்பி, இன்றும் வேறு வேறு நாடுகளின் பேரில் தொடர்கிறது. கூட்டல் முடியும் முன்பே அழைப்பு வந்துவிட்டது என்பது நார்வேக்காரர்களின் விளக்கம்.

1969இல் விழா ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் இருந்த மாட்ரிட்டுக்குப் போனது. ஆஸ்திரியா வர மறுத்தது. கடைசி எண் பலகையில் ஏறியபோது ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் 18 மதிப்பெண்ணில் நின்றன. சமன் வந்தால் என்ன செய்வது என்று விதியில் ஒரு வரியும் இல்லை. 13 ஆண்டு நடத்தியும் யாருக்கும் அது தோன்றவில்லை! தொகுப்பாளர் லவுரீதா வலென்சுவேலா ஒன்றியத்தின் அதிகாரி கிளிஃபர்ட் பிரவுனைப் பார்த்துக் கேட்க, நால்வருமே வென்றவர்கள்தான் என்று பதில் வந்தது.

இது எந்த வகையில் நியாயம் என்ற கோபம் எழுந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவோடு சுவீடன், நார்வே, பின்லாந்து, போர்ச்சுகலும் வரவில்லை. வெற்றியாளர்கள் நால்வர் என்பதால் விழா யாருக்கு என்று சீட்டுப் போட்டதில் நெதர்லாந்துக்கு விழுந்தது. ஆம்ஸ்டர்டாமில் மேடை தயார், பாட வந்தவை 12 நாடுகள்தான். பாட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் முப்பத்தாறு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஒதுக்கிய ஒளிபரப்பு நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது? பாட்டுக்கு முன்னால் பாடகரை அவர் ஊரில் காட்டும் ஒரு குட்டிப் படத்தைச் சொருகினார்கள். அயர்லாந்துக்காகப் பாடி ஜெயித்த பள்ளி மாணவி டேனாவையும் பார்வையாளர்கள் அப்படித்தான் முதலில் பார்த்தார்கள். பிறகு நாடுகளின் எண்ணிக்கை மூன்று மடங்கானது, நிரப்ப வேண்டிய இடமே இல்லாமல் போயிற்று. படங்கள் மட்டும் போகவில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மேடைச் சாமான்களை மாற்ற அவைதான் இப்போது அவகாசம் தருகின்றன.